இகழப்பட்ட படைப்பை வாசித்தல்: ‘கலை அரசி’யும் ‘தி ட்வின் டைலமா’வும் – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைவின் வரலாறு பெரும்பாலும் வெற்றிபெற்ற படைப்புகளைக் கொண்டே எழுதப்படுகிறது. தோல்வியுற்றவை என்று ஒதுக்கப்பட்டவை நகைப்புக்குரிய செய்திகளாகச் சுருங்கிவிடுகின்றன. 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’ என்னும் தமிழ்த் திரைப்படத்தையும், ‘டாக்டர் ஹூ’ என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் 1984இல் ஒளிபரப்பான ‘தி ட்வின் டைலமா’ என்னும் கதையையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. இரண்டும் புவியிலுள்ள திறனாளரை வேற்றுக்கோளுக்குக் கடத்திச் செல்லும் கதைகள். இரண்டும் உருவ ஒப்புமையை மையமாகக் கொண்டவை. இவற்றின் குறை காட்சி உத்திகளின் வறுமையில் இல்லை, கற்பனையின் தயக்கத்தில் உள்ளது என்பதும், ‘கலை அரசி’ அறிவியலையும் கலையையும் எதிரெதிர் நிலைகளில் நிறுத்தியது அது உருவான தமிழகச் சூழலுக்கே, குறிப்பாகக் கொங்குநாட்டுப் பட்டறிவுக்கே, பொருந்தாதது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, கலை அரசி, டாக்டர் ஹூ, இரட்டை வேடம், கொங்குநாடு, திரைப்படத் திறனாய்வு

முன்னுரை

தமிழில் அறிவியல் புனைவுக்கு மரபு இல்லை என்னும் கூற்று ஆய்வரங்குகளில் அடிக்கடி ஒலிக்கிறது. சுஜாதாவின் பெயரைச் சொல்லித் தொடங்கி அவர் பெயரிலேயே முடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. 2018இல் ‘டிக் டிக் டிக்’ திரைப்படம் இந்தியாவின் முதல் விண்வெளித் திரைப்படம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே எம்.ஜி. இராமச்சந்திரன் விண்கலத்தில் ஏறி வேற்றுக்கோளுக்குச் சென்றுவந்துவிட்டார் என்பது பலர் நினைவில் இல்லை. ஒரு படைப்பு மறக்கப்படுவதற்கும் இகழப்படுவதற்கும் இடையே நெருங்கிய உறவு உண்டு. இகழ்ச்சி முதலில் வருகிறது. அதன்பின் அப்படைப்பைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாது போகிறது.

வெள்ளகோவில், காங்கயம் வட்டாரங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இப்படத்தின் சில பகுதிகளைத் திரையிட்டுக் காட்டும்போது முதலில் எழுவது சிரிப்பே. அச்சிரிப்பைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. நாம் எதைக் கண்டு சிரிக்கிறோம்? அட்டைச் சுவரைக் கண்டா, அதற்குப் பின்னாலிருக்கும் எண்ணத்தைக் கண்டா? இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து எழுந்தது.

1963: மூன்று நிகழ்வுகள்

ஆ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ 1963 ஏப்ரல் 19இல் வெளிவந்தது. எம்.ஜி. இராமச்சந்திரன், பி. பானுமதி, எம்.என். நம்பியார், ராஜஸ்ரீ ஆகியோர் நடிக்க, கே.வி. மகாதேவன் இசையமைத்தார். அவ்வாண்டு நவம்பர் 21இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. இரு நாள்கள் கழித்து, நவம்பர் 23இல், பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பாயிற்று. இம்மூன்றுக்கும் இடையே நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. எனினும் 1957இல் ஸ்புட்னிக்கும் 1961இல் யூரி ககாரினும் விண்ணுக்குச் சென்றதன் பின்விளைவாக உலகெங்கும் எழுந்த ஒரே வியப்பின் மூன்று வடிவங்களாக இவற்றைக் கருதலாம். தும்பா அவ்வியப்பைச் செயலாக்கியது. இலண்டன் அதைத் தொடர்கதையாக்கியது. சென்னை அதைக் காதல் கதையாக்கியது.

தமிழ்த் திரையுலகுக்கு இது முதல் முயற்சியும் அன்று. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு இணைந்து ‘காடு’ என்னும் படத்தை உருவாக்கியது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்ற பெயருடன் வில்லியம் பெர்க் இயக்கிய அப்படத்தில், அழிந்துபோன மாமூத் எனப்படும் உரோம யானைகள் இந்தியக் காடொன்றில் இன்னும் உயிருடன் இருப்பதாகக் கதை செல்கிறது. பழக்கிய யானைகளுக்கு உரோமப் போர்வை அணிவித்து அவற்றை மாமூத்களாகக் காட்டினர். அப்படத்திலும் நம்பியார் உண்டு. தமிழ் அறிவியல் புனைத் திரையின் தொடக்கத்தை ஒரு கொங்குநாட்டுப் படப்பிடிப்புத் தளத்தில் தேட வேண்டியிருக்கிறது என்பது இவ்விடத்தில் கருதத்தக்கது.

இரு கதைகளின் அமைப்பு

‘கலை அரசி’யின் நாயகன் மோகன் படித்த விவசாயி. நிலக்கிழார் மகள் வாணியை அவன் காதலிக்கிறான். வேற்றுக்கோள் ஒன்றில் அறிவியல் முழுமையாக வளர்ந்திருக்கிறது. ஆனால் இசையும் ஆடலும் அங்கே இல்லை. அக்குறையை நீக்கப் புவியின் சிறந்த கலைஞரைக் கொண்டுவருமாறு தின்னா என்னும் தலைவன் அனுப்பப்படுகிறான். அவன் வாணியைக் கவர்ந்து செல்கிறான். இங்கே வாணியின் உருவத்தை ஒத்த, மனநலம் குன்றிய வள்ளி என்னும் பெண் வாணியெனக் கருதப்படுகிறாள். உண்மையறிந்த மோகன் விண்கலத்தில் மறைந்து அக்கோளை அடைந்து, தன் உருவத்தை ஒத்தவனின் இடத்தில் கோமாளியாக உலவி, வாணியை மீட்கிறான்.

‘தி ட்வின் டைலமா’ நான்கு பகுதிகளாக 1984 மார்ச் 22 முதல் 30 வரை ஒளிபரப்பானது. ஆந்தனி ஸ்டீவன் எழுதப் பீட்டர் மொஃபட் இயக்கினார். டாக்டர் என்னும் காலப்பயணி உருமாற்றம் பெற்று ஆறாம் உருவில் (காலின் பேக்கர்) தோன்றும் முதல் கதை இது. கணிதத்தில் அரிய திறன் கொண்ட ரோமுலஸ், ரீமஸ் என்னும் இரட்டைச் சிறுவர் புவியிலிருந்து கடத்தப்படுகின்றனர். ஜகோண்டா என்னும் கோளை அடிமைப்படுத்தியுள்ள மெஸ்டர் என்னும் மாபெரும் நத்தையினத் தலைவன், கோள்களை இடம்பெயர்க்கும் கணக்குகளைச் செய்விக்க அவர்களைக் கொண்டுவரச் செய்கிறான். அக்கோளின் பழைய தலைவரும் டாக்டரின் நண்பருமான அஸ்மேல் அச்சத்தால் அவனுக்குப் பணிசெய்கிறார். இறுதியில் தம் உயிரைக் கொடுத்து அவனை அழிக்கிறார்.

‘டாக்டர் ஹூ’ சுவைஞரிடையே இக்கதைக்கு இருக்கும் இடம் தெளிவானது. ‘டாக்டர் ஹூ மேகசின்’ 2009இல் நடத்திய வாக்கெடுப்பில் 200 கதைகளுள் இது 200ஆம் இடம் பெற்றது. 2014இல் எண்ணிக்கை 241 ஆனபோதும் இதுவே கடைசி. 2009இல் முதலிடம் பெற்ற ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’ இதற்கு முந்தைய வாரம் முடிந்த கதை என்பது இகழ்ச்சியை மேலும் கூர்மையாக்கியது.

கவரப்படும் பொருள்

ஒரு கதையில் வேற்றுலகத்தார் நம்மிடமிருந்து எதைக் கவர்கிறார்களோ, அதையே அக்கதையை எழுதிய சமூகம் தன் உயர்ந்த செல்வமாக எண்ணுகிறது. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் இரு படைப்புகளின் வேறுபாடு தெளிவாகிறது. கணிப்பொறி வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த 1984ஆம் ஆண்டின் பிரித்தானியா கணிதத் திறனைக் கவரப்படும் செல்வமாகக் கண்டது. அத்திறன் பிள்ளைகளிடம் இருப்பதாகவும், பெரியவர்கள் அதைக் காக்கத் தவறியதாகவும் கதை அமைத்தது. 1963ஆம் ஆண்டின் தமிழகம் இசையையும் ஆடலையும் கவரப்படும் செல்வமாகக் கண்டது. அறிவியல் அவர்களிடம் இருக்கிறது. கலை நம்மிடம் இருக்கிறது என்னும் இப்பகுப்பு, குடியேற்ற ஆட்சிக்காலத்திலேயே உருவான ஆறுதல். பொறியும் ஆட்சியும் மேலைநாட்டாருடையவை, பண்பாடும் அகமும் நம்முடையவை என்று கூறித் தன்னைத் தேற்றிக்கொண்ட ஒரு தலைமுறையின் குரலே வேற்றுக்கோளின் உருவில் திரும்பி ஒலிக்கிறது.

இப்பகுப்பின் சுமை வாணியின்மேல் விழுகிறது. கலையின் அரசி என்று அவளுக்குப் பட்டம் சூட்டப்படுகிறது. ஆயினும் அவளுடைய கலை அவளுக்கு விடுதலை அளிப்பதில்லை. புவியில் அவள் மணமுடிக்கப்பட வேண்டிய நிலக்கிழார் மகள். வேற்றுக்கோளில் அவள் சிறைப்பட்ட ஆசிரியை. அவளை ஆசிரியை என்று மதிப்பது அவளைக் கடத்தியவர்களே என்பதில் ஒரு முரண் இருக்கிறது. அம்முரணைப் படம் தொட்டுவிட்டு விலகிச் செல்கிறது. கலையற்ற ஒரு குடிக்கு முதன்முதலாக இசையைக் கற்பிக்கும் வாய்ப்பு எத்தகைய வியப்பையும் அச்சத்தையும் தரும் என்பதே இக்கதையின் ஆழமான சிக்கல். படமோ அதை விடுத்து, அவளை மீட்டு வருவதிலேயே தன் கவனம் முழுவதையும் செலுத்துகிறது. வள்ளியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவளது மனநோய் கதை நகர்வுக்கான கருவியாக மட்டும் பயன்படுகிறது.

இரட்டை உருவம்: மரபின் வலிமையும் தளையும்

இரு படைப்புகளிலும் உருவ ஒப்புமை உண்டு. ஆனால் அதன் பணி வேறு. பிரித்தானியக் கதையில் இரட்டையர் ஒரே மூளையின் இரு பாதிகள் போலச் செயல்படுகின்றனர். கதையின் உண்மையான இரட்டைத்தன்மை டாக்டரிடம் இருக்கிறது. உருமாற்றத்தால் நிலைகுலைந்த அவர், தம்மை நம்பி உடன்வரும் பெரியின் கழுத்தை நெரிக்க முயல்கிறார். பார்வையாளர் இக்கதையை மன்னிக்காததற்கு நத்தை உடையைவிட இக்காட்சியே பெரிய காரணம் எனலாம். காப்பவன் என்று நம்பப்பட்டவன் தாக்குபவன் ஆகிறான். அதற்குரிய விலையைக் கதை அவனிடமிருந்து பெறுவதில்லை.

தமிழில் இரட்டை வேடம் நெடிய மரபுடையது. 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘உத்தம புத்திர’னில் பி.யு. சின்னப்பா ஏற்ற இரட்டை வேடம் அம்மரபை நிலைநாட்டியது. அரசன் ஒருவன், அவனை ஒத்தவன் மற்றொருவன், இடமாற்றம், அரண்மனைச் சூழ்ச்சி, மீட்பு என்னும் அக்கதைச் சட்டகம் ‘கலை அரசி’யில் அப்படியே விண்ணுக்கு ஏற்றப்படுகிறது. வேற்றுக்கோளில் நாம் காண்பவர் யார்? தலைவன், இளவரசி, படைத்தலைவன், கோமாளி. ஒளிரும் உடைகளை நீக்கிவிட்டால் இது நாம் நன்கறிந்த அரசகதையே. அறிவியல் முழுமை பெற்ற ஒரு சமூகம் எவ்வாறு ஆளப்படும், அங்கே உழைப்பவர் யார், உணவு எங்கிருந்து வருகிறது என்னும் வினாக்கள் எழவே இல்லை. படித்த விவசாயியான நாயகன் ஒரு புதிய கோளில் கால்வைத்ததும் அங்கே என்ன விளைகிறது என்று கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்கவில்லை. இப்படத்தின் மெய்யான தோல்வி இதுவே.

மரபின் வலிமையையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். கோமாளி வேடம் வெறும் நகைச்சுவை அன்று. கூத்தில் கட்டியங்காரன் அரசனையும் எள்ளலாம், அவையோரோடும் பேசலாம். கலையறியாத ஓர் உலகில் நாயகன் எடுக்கும் முதல் வேடம் கலைஞனுடையது என்பது கதையின் உள்நோக்கோடு பொருந்துகிறது. வாள்வீச்சுக்குப் பெயர்பெற்ற ஒரு நடிகர் கோமாளியாக நின்று பகைவரின் அவையில் உலவும் பகுதிகள் படத்தின் சிறந்த பகுதிகள் எனத் தயங்காமல் கூறலாம்.

காட்சி உத்தியும் பார்வையாளர் உடன்பாடும்

இவ்விரு படைப்புகளையும் எள்ளுவோர் முதலில் சுட்டுவது அரங்கப்பொருள்களின் எளிமையை. இக்குறையை மிகைப்படுத்த வேண்டியதில்லை. கொங்குநாட்டில் அண்ணன்மார் கதையை இரவு முழுதும் உடுக்கடித்துப் பாடும் கலைஞரிடம் குதிரையும் இல்லை, கோட்டையும் இல்லை. ஆயினும் பொன்னரும் சங்கரும் போருக்குப் புறப்படும்போது கேட்போர் உடல் சிலிர்க்கிறது. படுகளக் காட்சியில் அழுகை எழுகிறது. பார்வையாளரின் உடன்பாடு இருந்தால் ஒரு மரவாள் போதும். அவ்வாறாயின் உரோமம் போர்த்திய யானையும் நத்தை உடையணிந்த நடிகரும் ஏன் போதாமற்போயினர்?

கூத்து தன்னை மெய்யென்று கூறிக்கொள்வதில்லை, குறியீடென்றே முன்வருகிறது. திரைப்படமும் தொலைக்காட்சியும் ஒளிப்பதிவின் மெய்ம்மையைக் காட்டி நம்மை அழைக்கின்றன. அழைத்துவிட்டு, மெய்போலத் தோன்றாத ஒன்றைக் காட்டுகின்றன. அங்கே உடன்பாடு முறிகிறது. ஆனால் ‘டாக்டர் ஹூ’ தொடரின் உயர்வாகப் போற்றப்படும் கதைகளிலும் அட்டைச் சுவர்கள் உண்டு. அவற்றைச் சுவைஞர் பொருட்படுத்துவதில்லை. கதைமாந்தரின் அறநெருக்கடி மெய்யாக இருக்குமிடத்தில் சுவர் கண்ணில் படுவதில்லை. எனவே காட்சிக் குறை நோயின் அறிகுறியே. நோயின் முதல் வேறிடத்தில் இருக்கிறது. ‘தி ட்வின் டைலமா’வில் அஸ்மேல் உயிர்விடும் காட்சி இன்றும் மனத்தைத் தொடுகிறது. அஞ்சி அடிபணிந்த ஒரு முதியவர் தம் பிழையை உயிரால் ஈடுசெய்யும் அவ்விடத்தில் பார்வையாளர் நத்தை உடையை மறந்துவிடுகின்றனர்.

கொங்குநாட்டுப் பட்டறிவும் படத்தின் பகுப்பும்

‘கலை அரசி’ முன்வைக்கும் கலை, அறிவியல் என்னும் எதிர்நிலையை அக்காலத் தமிழகமே மறுத்துக்கொண்டிருந்தது. 1930களில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் கோயம்புத்தூர் வட்டாரத்துக்கு வந்தபின் நூற்பாலைகள் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் ஆகியோரின் முயற்சியால் இந்நகரில் மின்மோட்டார் உருவானது. கிணற்றுப் பாசனத்தை நம்பிய வறண்ட நிலத்தில் கவலை ஏற்றம் மறைந்து பம்புசெட்டு வந்தது. படித்த விவசாயி என்பவன் இங்கே கற்பனை மாந்தன் அல்லன். வேளாண் கல்லூரியும் இரும்புப் பட்டறையும் அருகருகே இருந்த ஒரு நிலத்தில் அவன் இயல்பான மனிதன்.

அதே நகரில்தான் தமிழ்த் திரைக்கலையும் வளர்ந்தது. எம்.ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாக நாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. ‘மந்திரி குமாரி’ (1950) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ஆக்கம். ‘மலைக்கள்ளன்’ (1954) கோயம்புத்தூர் பட்சிராஜா நிறுவனத்தின் படம். மாடர்ன் தியேட்டர்ஸை 1935இல் நிறுவிய டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் துணித் தொழில்நுட்பம் பயின்றவர். மின்சாரம், பொறி, தொழில் முதலீடு ஆகியவை இல்லாமல் அந்நாயகனே திரையில் தோன்றியிருக்க இயலாது. பொறியும் கலையும் ஒரே கொட்டகையில் பிறந்த ஒரு நிலத்திலிருந்து வந்த நடிகரைக் கொண்டு, பொறி அவர்களுடையது, கலை நம்முடையது என்று ஒரு படம் கூறியது. ஊர் ஊராகச் சென்ற டூரிங் டாக்கீஸில் கரி எரியும் ஒளியில் அதைக் கண்டவர்கள், கருவியின் வழியாகவே அக்கலையைப் பெற்றனர்.

விசைத்தறியின் ஒலி ஓயாத வெள்ளகோவிலில் இதை எளிதில் உணரலாம். தறியில் ஓடும் ஒவ்வொரு வடிவமும் கணக்காகவும் இருக்கிறது, கோலமாகவும் இருக்கிறது. இவற்றுள் எது அறிவியல், எது கலை என்று நெசவாளரிடம் கேட்டால் அவருக்கு வினாவே விளங்காது.

பிற்காலத் தமிழ் அறிவியல் புனைவு இப்பகுப்பைப் படிப்படியாகக் கடந்தது. ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர்த் தூர்தர்ஷனிலும் தொடராக்கப்பட்ட சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்னும் இயந்திர நாய் படிக்கிறது, சிந்திக்கிறது, நகையாடுகிறது. அங்கே பொறிக்கு உள்ளம் முளைக்கிறது. 2024இல் வந்த ‘அயலான்’ படத்தில் வேற்றுக்கோள்வாசி புவிக்கு வந்து ஒரு விவசாயியின் நண்பனாகிறான். அறுபது ஆண்டுகளில் கடத்தல்காரன் தோழனாகியிருக்கிறான். ஆனால் அவனை எதிர்கொள்பவன் இன்றும் விவசாயியே. இத்தொடர்ச்சியைக் காண ‘கலை அரசி’ தேவைப்படுகிறது. அதை நீக்கிவிட்டு எழுதப்படும் வரலாற்றில் இந்த விவசாயி எங்கிருந்து வந்தான் என்பதற்கு விடை இராது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இவ்விரு படைப்புகளும் நல்ல படைப்புகள் என்று நிறுவுவது இயலாது, தேவையும் இல்லை. ‘தி ட்வின் டைலமா’ தன் நாயகனின் வன்முறைக்குப் பொறுப்பேற்கவில்லை. ‘கலை அரசி’ தான் எழுப்பிய அரிய வினாவைத் தானே கைவிட்டது. இரண்டாவது, அவை இகழப்படுவதற்குச் சொல்லப்படும் காரணமும் அவை தோற்றதற்கான காரணமும் வேறுவேறு. அரங்கப்பொருளைக் கண்டு சிரிப்பவர் உண்மையான குறையைக் காணாமலே கடந்துவிடுகிறார். மூன்றாவது, தோல்வியுற்ற படைப்பில் ஒரு சமூகத்தின் நம்பிக்கைகள் மூடிமறைக்கப்படாமல் தெரிகின்றன. சிறந்த படைப்பு தன் காலத்தை உருமாற்றித் தருகிறது. குறைபட்ட படைப்பு அதை அப்படியே கொட்டிவைக்கிறது. ஆய்வாளனுக்கு இரண்டும் வேண்டும்.

இவ்வாய்வு திரையோடு நிற்பதும் அன்று. நாம் பணியாற்றும் நிறுவனங்களுள் பல ‘கலை அறிவியல் கல்லூரி’ என்னும் பெயர் தாங்கியவை. பெயரில் அடுத்தடுத்து நிற்கும் அவ்விரு சொற்கள் வகுப்பறையில் அரிதாகவே சந்திக்கின்றன. பொறியியல் கல்லூரிகள் நிறைந்த இக்கொங்குமண்டலத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் கீழ்த் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் தாள்கள் வந்தபின், தமிழாசிரியர் பலர் பொறியியல் மாணவர் முன் நிற்கின்றனர். அவர்கள் நிலை வேற்றுக்கோளில் நின்ற வாணியின் நிலையை ஒத்தது. மீட்டுச் செல்ல யாரேனும் வருவார் என்று காத்திருப்பதா, அங்கேயே பாடத் தொடங்குவதா என்பது அவர்கள்முன் உள்ள வினா. 1963இல் ‘கலை அரசி’ அவ்வினாவுக்கு விடைதராமல் புவிக்குத் திரும்பிவிட்டது. அப்படத்தை வகுப்பறையில் திரையிட்டு, சிரிப்பு அடங்கியபின் அவ்வினாவை மாணவரிடமே கேட்பது, நாம் விடையைத் தேடத் தொடங்கும் வழிகளுள் ஒன்று.